எங்கள் மன்றமும் மன்றம்தான்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண்களுக்கு ஒதுக்கின வார்டில் பெண் நிற்பாள், பெண் ஜெயிப்பாள், சான்றிதழும் அவள் பேரில்தான் வரும். மறுநாள் காலையில் தெருவே அவள் புருஷனைப் பார்த்து "மெம்பர், வணக்கம்" என்று சொல்லும். அவளுக்குக் கிடைப்பது "மெம்பரம்மா". டாக்டர் பெண்டாட்டியை டாக்டரம்மா என்கிற கணக்கு. ஓட்டு வாங்கியவள் அவள், பட்டம் அவருக்கு. மிச்சம் கிடக்கிற அம்மா மட்டும் அவளுக்கு.

2011 உள்ளாட்சித் தேர்தலில் நான் ஊராட்சி வார்டு உறுப்பினராக ஜெயித்தபோது எனக்கும் அதுதான் நடந்தது. இதில் பெரிய வேடிக்கை, என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார். ஊமை இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான். நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போட வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. "அங்க பேசி என்னா ஆவப் போவுது" என்று பேச்சைக் குறைத்தவர், வீட்டுக்கு வந்தும் அதை ஏற்றவே இல்லை. அவரைப் போய் மெம்பர் என்றார்கள். அவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

பேசுகிறவள் நான். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் சுவருக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு டிபன் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மீதிப் படிப்பைக் கொடுத்தது அந்தக் கடைதான். சாப்பிட வருகிறவர்கள் விட்டுப்போகிற பேப்பரை, கூட்டம் ஓய்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிப்பேன். பேப்பரைவிட எனக்குப் பிடித்தது சாப்பிடுகிறவர்களின் வாய். எல்லா மாவட்டமும் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் இட்லியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கு இது மைன்ஸ்ல இருந்து நேரா வந்திருக்கு போல" என்பார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி, என் சாம்பாரைப் பார்த்து ஒரு நாள் சொன்னாள்: "இதுல பருப்பு காண்ட்ராக்டு, தண்ணிதான் பெர்மனென்ட்டு." கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது. சில பேர் நகை சேர்ப்பார்கள். நான் அடுத்தவர் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்படிச் சேர்த்துவைத்த ஒன்றுதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

கடையில் ஒரு சின்ன டி.வி. உண்டு. ஒரு காலையில் அதில் நாடாளுமன்றத்தைக் காட்டினார்கள். ஒரு எம்.பி. எழுந்து நின்று யாரையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். இந்தி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கையும் முகமும் திட்டுகிற கையும் முகமும் என்று தெரிந்தது.

"இப்படிப் பேசுறாரே, அந்த ஆளு கேசு போட மாட்டாரா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், சுரங்கத்தில் பெர்மனென்ட், வாயில் தோசையோடு பதில் சொன்னார். "அதெல்லாம் போட முடியாதுங்கக்கா. மன்றத்துக்குள்ளார என்ன பேசினாலும் எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாதுங்க. அதையே வெளிய வந்து பேசினாத்தான் கேசு."

"ஏன் அப்பிடி?"

"பயந்து பயந்து பேசறதுக்கா ஓட்டுப் போட்டு அனுப்பறோம்?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயந்து பயந்து பேசுவதற்கா ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். எம்.பி. போகிறது நாடாளுமன்றம். எம்.எல்.ஏ. போகிறது சட்டமன்றம். நான் போகிறது ஊராட்சி மன்றம். மூன்றுமே மன்றம். எனக்கும் அந்தச் சட்டம் உண்டு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. மன்றத்துக்குப் பேர் வைத்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பேரை வைத்திருக்கும்போது நான் ஏன் கேட்கப் போகிறேன்?

மன்றத்துக்கு நான் நேரில் போவதே தலைவருக்கும் கிளார்க்குக்கும் ஒரு தொந்தரவுதான். மற்றப் பெண் உறுப்பினர்களுக்கு எல்லாம் வீடு தேடி வரும். கூட்டத்தில் புருஷன்மார் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார்கள். கிளார்க் தீர்மானப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தம்மாவிடம் கையெழுத்து வாங்குவார். என் வீட்டில் அது நடக்கவில்லை. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விடுவார். நான் கடையை இழுத்து மூடிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுவேன்.

"நீங்க எதுக்கும்மா வெயில்ல வந்துக்கினு, புக்க நான் வூட்டுக்கே எடுத்தாறேன்" என்றார் கிளார்க், முதல் கூட்டத்திலேயே.

"எனக்கு வெயில் ஒத்துக்கும்ங்க" என்றேன்.

இப்போது குழாய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு ஊருக்குக் கடைசித் தெரு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அங்கே வருவதற்குள் களைத்துப்போய்விடும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு டவுன்ஷிப் சுவர் ஓரம் இருக்கிற ஒரு குழாய்க்குப் போக வேண்டும். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் நாங்கள் வரிசையில் நிற்போம். நான் ஓட்டுக் கேட்டுப் போனபோது தெரு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்.

அதற்காக மன்றத்தில் பேசிப் பேசிப் புதுக் குழாய் போட ஏற்பாடு ஆயிற்று. வேலையை எடுத்தவர் டவுன்ஷிப்பில் குடியிருந்த ஒரு காண்ட்ராக்டர். மதுரைப் பக்கம். வெள்ளைச் சட்டை, இனிப்பான பேச்சு. பாதித் தெரு வரைக்கும் பள்ளம் தோண்டினார், குழாய் பதித்தார். அதற்கு மேல் ஒரு வாரம் நாங்கள் வேலைக்குப் போய்வந்த நேரத்தில் தெருக் கடைசி வரைக்கும் சிமெண்டுத் தூண் நட்டு, ஒவ்வொரு தூணிலும் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய் மாட்டியிருந்தது. மண்ணெல்லாம் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, அழகாக இருந்தது.

எங்கள் பெண்கள் தூணுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பூச் சுற்றினார்கள். கற்பூரம் காட்டித் திருகினார்கள். காற்றுகூட வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "பூவச்சிப் பொட்டு வச்சாச்சி, இனிமே அதுலேருந்து அம்மன்தான் வரும், தண்ணி வராது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பிறகு ஒரு ஆடு முதுகு அரிப்புக்கு ஒரு தூணில் உரசியது. தூண் சாய்ந்தது. அடியில் செம்மண். குழாய் இல்லை. குழாய் போன தடமும் இல்லை. அடுத்த தூணை நாங்களே அசைத்துப் பார்த்தோம். அதுவும் அப்படித்தான்.

அந்த மாசக் கூட்டத்தில் வேலை முடிந்துவிட்டதாக அந்தக் காண்ட்ராக்டரின் பில் மேஜை மேல் வந்தது. தலைவர் படித்தார்: இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை குழாய் பதிக்கப்பட்டது, ஒப்புதல் தரலாமா? எல்லாரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"தலைவரே, அந்தக் குழாய மண்ணுக்கடியில தேடிப் பாத்துட்டோம், இல்லீங்க. நீங்க அந்தப் பில்லுக்கடியில தேடிப் பாருங்க. அங்கதான் பதிச்சிருப்பாரு."

துணைத் தலைவர் யோசிக்காமல் பில்லைத் தூக்கி அடியில் பார்த்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், கை போய்விட்டது. கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. டீ சிந்தியது. வாசலில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பில் நிறைவேறாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

தலைவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "மெம்பரம்மா, ஒருத்தரு பேரக் கெடுக்கற மாதிரி பேசாதீங்க. வம்பாயிடும்."

"மன்றத்துக்குள்ள பேசுறதுக்குக் கேசு கெடையாதுங்க தலைவரே" என்றேன், சட்டப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பவள் மாதிரி. யாரும் மறுக்கவில்லை. கிளார்க் ஆமாம் என்று தலையைக்கூட ஆட்டினார். அவருக்கும் மூன்றும் மன்றம்தானே.

கொஞ்ச நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. என் பேருக்கு இல்லை. என் வீட்டுக்காரர் பேருக்கு.

அவர் அதைப் பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "எனக்கு எவன் போடுவான். உனுக்காத்தான் இருக்கும்" என்றார். நான் பிரித்து உரக்கப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரி இட்லி வாங்க வந்தவள் நின்று கேட்டாள்.

"எனது கட்சிக்காரர் சமூகத்தில் நன்மதிப்புப் பெற்றவர்..."

"எந்தக் கட்சி?" என்றாள் அவள்.

"வக்கீலுகிட்ட போறவங்கள அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ சும்மா இரு. 'வார்டு உறுப்பினராகிய தாங்கள் மேற்படி கூட்டத்தில் எழுந்து நின்று, உரத்த குரலில், ஏளனமாகப் பேசி, அவையோரைச் சிரிக்க வைத்து...'"

அவ்வளவுதான். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இவுரா? ஒரத்த கொரலா? இவுரு தும்முனாலே நமக்குக் கேக்காது! யோவ் மாமா, நீயாய்யா சிரிக்க வச்ச? எங்களுக்கும் ஒருவாட்டி சிரிப்பு காட்டேன்யா!"

பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் தண்ணீர் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

நடந்தது இதுதான். காண்ட்ராக்டர் அன்றைக்குக் கூட்டத்தில் இல்லை. யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள், அந்த வார்டு மெம்பர் பேசிவிட்டார் என்று. மெம்பர் என்றால் எங்கள் பக்கத்தில் மீசை வைத்தவர்தானே. வக்கீல் அந்த மீசைக்கு ஒரு பேரைக் கேட்டு எழுதிவிட்டார். மன்னிப்பை எழுத்தில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு, நஷ்ட ஈடு என்று கடைசியில் இருந்தது. சிரிப்பெல்லாம் அந்த வரி வரைக்கும்தான். மன்றத்தில் பேசினால் காகிதமே வராது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? வந்துவிட்டதே.

அவருக்கு ஓய்வு நாள் பார்த்து இருவரும் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மா; திருவதிகைக்காரர், என்னைவிடச் சின்ன வயது, பேச்சில் ஒரு வேகம். பலாப்பழ லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் அவருடைய ஆபீஸே வாசனையாக இருந்தது. நோட்டீஸைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேசினது யாருக்கா?"

"நான்தாங்க. ஆனா மன்றத்துக்குள்ள பேசுனேன். கேசு போட முடியாதுல்ல?"

"எம்.பி.க்கு ஒரு ஷரத்து இருக்கு. எம்.எல்.ஏ.வுக்கு ஒரு ஷரத்து இருக்கு. ஊராட்சி மெம்பருக்கு அப்படி எதுவும் கிடையாதுக்கா."

"எங்களுதும் மன்றம்தானங்க?"

"மன்றம்னு பேர் இருந்தாப் போதுமா? நீதிமன்றமும் மன்றம்தான். ரசிகர் மன்றமும் மன்றம்தான்."

என் வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஓட்டுப் போட்டவங்க வெரல்லயும் அதே மையதானங்க வச்சாங்க?" என்றேன்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நியாயம்தான். ஆனா சட்டம் அப்படி இல்லை. எம்.பி. உள்ளே பேசினதை நிரூபிக்க வேண்டியதே இல்லை. நீங்க பேசினது உண்மை, பொது நன்மைக்காகப் பேசினீங்கன்னா அது அவதூறு ஆகாது. ஆனா அதைக் கோர்ட்டுல நீங்கதான் நிரூபிக்கணும். வாய்தா வாய்தாவா வரணும். கடையை மூடணும்."

எனக்கு அப்போது தோன்றியது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. எம்.பி. யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவரை மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பார்க்க வேண்டியதில்லை. நான் பேசுகிற ஆள் என் கடைக்கு எதிரில்தான் கார் நிறுத்துவார். சுரங்கத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுக்கிறவர் அவர் மச்சான்தான். அந்தப் பாதுகாப்பு யாருக்கு அதிகம் வேண்டும்? உயரத்தில் இருக்கிறவர்களுக்குக் குடை கொடுத்துவிட்டு, தெருவில் நிற்கிறவளைப் பார்த்து உன்மேல் மழை பெய்யாது என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பாதுகாப்பை வைத்துக்கொண்டு உள்ளே பொய் பேசுகிறவர்களும் இருப்பார்கள் என்று கடையில் சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். பொய் பேசினால் அடுத்த தேர்தலில் ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். பயந்து வாய் மூடினவளைத்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் பேசவே இல்லையே.

வக்கீலம்மா சட்டென்று முகம் மலர்ந்தார். "ஆனா உங்களுக்கு அதிர்ஷ்டம். நோட்டீஸ்ல பேர் தப்பு. அன்னைக்கு இவர் எங்கே இருந்தார்?"

"ஷிப்டுல" என்றேன்.

"மைன்ஸ் கேட்டுல என்ட்ரி இருக்கும். போதும். 'நான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை, எதுவும் பேசவில்லை'ன்னு இவர் பேர்ல ஒரே ஒரு பதில். கதை முடிஞ்சுது. நீங்க பேசினீங்கன்னு நாமளா ஏன் வாயைக் கொடுக்கணும்?"

மனசு ஒரு நிமிஷம் லேசாயிற்று. வீட்டுக்குப் போய்விடலாம்.

"அப்ப அந்தப் பேச்ச யாரு பேசுனதா ஆவும்?" என்று கேட்டேன்.

"யாரும் பேசலைன்னு ஆகும்."

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. பில் தள்ளிப்போனது அந்தப் பேச்சால். யாரும் பேசவில்லை என்று ஆனால் அடுத்த கூட்டத்தில் அது நிறைவேறும். பளபளவென்று தூண்கள் நிற்கும், தெரு குடத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போகும். நான் வெயிலில் போய் உட்கார்ந்ததும் எழுந்து நின்றதும் இல்லாமல் போகும். எனக்குக் கிடைத்தது பாதுகாப்பு இல்லை. என்னை அழித்துவிட்டு அந்த இடத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது.

"வேணாங்க. நான்தான் பேசுனேன்னு எழுதுங்க."

"அக்கா, தானா போய் மாட்டிக்கிறீங்க."

"மாட்டிக்கினா மாட்டிக்கினதாவே இருக்கட்டும்."

வக்கீலம்மா என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நோட்டீஸ் உங்க பேருக்குத்தானே வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க சார்?"

சார் என்றதில் அவர் மிரண்டுவிட்டார். தொண்டையைச் செருமினார். நான் பார்க்க, வெளியாள் முன்னால் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"நோட்டீசு எனக்கு வந்துச்சிங்க. பேச்சு எனுது இல்லீங்க. அது பேச்ச அதுக்கிட்டயே குடுத்துடுங்க."

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியை 'அது' என்பான். எனக்கு அந்தச் சொல்மேல் எப்போதும் ஒரு கடுப்பு உண்டு. அன்றைக்கு மட்டும் இல்லை.

பதிலை வக்கீலம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். "மேற்படி நபர் பேசவில்லை. அவருடைய மனைவியும் வார்டு உறுப்பினருமாகிய நான்..." நான் குறுக்கே புகுந்தேன். "மெம்பர் மொதல்ல. மனைவி அப்பறம்." வக்கீலம்மா சிரித்துக்கொண்டே மாற்றச் சொன்னார்.

பதில் போய்ச் சேர்ந்த கையோடு காண்ட்ராக்டரே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பெஞ்சைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் என்னைத் தாண்டி அவரிடம் பேசினார்.

"தம்பி, பொம்பளைக மேல கேசு போடுறவன் நான் இல்லய்யா. எங்க ஊருல அதெல்லாம் மரியாதை இல்லாத சோலி. வீட்டுல சொல்லி, 'தெரியாமப் பேசிப்புட்டேன்'னு ஒரே ஒரு வார்த்தை. நானும் விட்டுர்றேன், நீங்களும் விட்டுருங்க."

"அது இங்கதான இருக்குது" என்று அவர் என்னைக் காட்டினார்.

"இட்லியா தோசையாங்க?" என்றேன்.

வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க. பில்லுக்கடியிலன்னா என்னம்மா அர்த்தம்?"

"அர்த்தம் எங்க தெருவுல சாஞ்சி கெடக்குது, வந்து பாருங்க. நான் தெரியாமப் பேசலீங்க. தெரிஞ்சிக்கினுதான் பேசுனேன். அந்தக் கொழாயில தண்ணி வரட்டும், அன்னிக்கி உங்க கால்லகூட விழுறேன்."

காண்ட்ராக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கேட் பாஸ் மாசக் கடைசியில புதுப்பிக்கணும்ல?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் பாஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது; அதை வாங்கிக் கொடுப்பது அவர் மச்சான். அவர் கார் போன பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். 'வேண்டாம், விட்டுவிடு' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. அவர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்குக் கூட்டம் எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் கூட்டத்துக்கு நான் போனபோது எனக்கு முன்னாலேயே இன்னொரு பெண் உறுப்பினர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய புருஷன் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில். அந்த மனிதர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் இதமாகவே ஆரம்பித்தார். "மெம்பரம்மா, போன கூட்டத்துல பேசுனத வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

"போன கூட்டத்துல பேசுனது புக்குலயே ஏறலியேங்க. ஏறாதத எப்பிடி வாபஸ் வாங்கறது? மறுபடியும் சொல்றேன், ஏத்திக்கச் சொல்லுங்க."

எழுந்து நின்றேன். கிளார்க்குக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "குழாய, மண்ணுக்கடியில, தேடிப் பாத்துட்டோம், இல்ல. பில்லுக்கடியில, தேடிப் பாருங்க."

கிளார்க் பேனாவைக் கடித்தார். "பில்லுக்கடியிலன்னு புக்குல எழுத முடியாதும்மா. பில்லுன்னா புக்குல பட்டியல், 'பட்டியலின் கீழ்'னு போட்டுக்கறேன்."

"கீழ்னா கையெழுத்துப் போடுற எடம்ங்க. நான் சொன்னது அடி. பில்லுக்கடியிலன்னே எழுதுங்க. யாரு சொன்னதுன்னும் எழுதுங்க. வூட்டுக்காரரு பேர எழுதிப்புடாதீங்க, அவுரு பாவம், பெல்ட்டுக்கடியில இருக்காரு."

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை துணைத் தலைவர் பில்லைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் உட்கார்ந்தபடியே, புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அதேதான்" என்றார். அவர் மன்றத்தில் பேசிய முதல் பேச்சு அது. வேப்பமரத்தடியில் நின்றவர் என்ன ஏது என்று ஜன்னலுக்கே வந்துவிட்டார். தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் பில் என்று முடிவாயிற்று.

தோண்டிப் பார்க்க நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் ஒரு லாரியில் குழாய்கள் வந்து இறங்கின. ஆட்கள் பள்ளம் எடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்டதற்கு "ரிப்பேர்ங்க" என்றார்கள். "இல்லாத கொழாய ரிப்பேரு பண்றவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆனாலும் அவர்களுக்கு மோர் கொடுத்தாள். தண்ணீர் வந்தது, அருவி மாதிரி இல்லை, சுண்டுவிரல் கனத்துக்கு. வந்தது. தூணுக்கு மறுபடி யாரும் பொட்டு வைக்கவில்லை, குடத்தைத்தான் வைத்தார்கள்.

நோட்டீஸ் வழக்காக ஆகவில்லை. ஆகும் ஆகும் என்று ரொம்ப நாள் பயம் இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன். காண்ட்ராக்டர் காரை எங்கள் கடைக்கு எதிரில் நிறுத்துவதை விட்டுவிட்டார். நான் அவர் காலில் விழவில்லை. அவரும் கேட்டு வரவில்லை.

கேட் பாஸ் புதுப்பித்துக் கிடைக்கவில்லை. ஆள் மிச்சம் என்றார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்ச காலம் பண்ருட்டிக்குப் போய்ப் பலாப்பழம் ஏற்றி இறக்கினார். அப்புறம் முதுகு தாங்காமல் கடைக்கே வந்து என்னோடு நின்றுவிட்டார். ஷிப்டுச் சங்கு ஊதும்போது இன்றைக்கும் அவர் உடம்பு ஒரு தடவை எழுந்திருக்கப் பார்க்கும். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். அந்தப் பேச்சுக்கு ஆன செலவு அது. சட்டம் ஒரு வரி எழுதியிருந்தால் அது ஆகியிருக்காது. செலவு ஆகிவிட்டது என்பதற்காகப் பேசியதைத் திருப்பித் தர எனக்கு மனசு இல்லை.

2016-இல் எங்கள் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. கோர்ட்டு, வழக்கு என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போயிற்று. தனி அலுவலர் வந்தார். மன்றம் என்கிற கட்டடம் இருந்தது, பேர்ப்பலகை இருந்தது, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கியிருந்தன. எழுந்து நின்று பேச ஆள்தான் இல்லை. உள்ளே பேசினால் பாதுகாப்பா, வெளியே பேசினால் பாதுகாப்பா என்கிற கேள்வியே இல்லாமல் போயிற்று.

அதனால் என்ன, நான் கடையில் பேசினேன். தெரு விளக்கு எரியாவிட்டால் பெஞ்சில் இருந்தே மனு எழுத வைத்தேன். ஒரு நாள் அந்தக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் சிரித்தார். "ஏனுங்க, பதவி போயும் நீங்க விடலீங்களா? வெளிய பேசினா கேசுன்னு சொன்னேனே."

"உள்ள பேசுனாலும் எனக்குக் கேசுதானங்க. அப்பறம் எங்க பேசுனா என்னா?" என்றேன்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் தொடங்கியிருக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் கை நீட்டுகிறவர்கள், "மெம்பர், ரெண்டு இட்லி" என்பார்கள். அம்மா இல்லை. வெறும் மெம்பர். பழைய ஆட்கள் யாராவது அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் திரும்ப மாட்டார். மாவுக்கை மாவில் இருக்க, முழங்கையை மட்டும் என் பக்கம் நீட்டிக் காட்டுவார்.

"மெம்பர் அங்க இருக்குது" என்பார்.